சின்னக் கட்டையில் பழகிய கை

மிக்ஸி வாங்கப் போன அப்பா கீபோர்டு வாங்கிக்கொண்டு வந்து நின்றார். தொண்ணூறுகளின் நடுவில், போனஸ் வந்த ஒரு மாதம் அது. அப்பா ஆம்பூரில் தோல் பதனிடுகிற ஒரு டேனரியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தார். கப்பலுக்குப் போகும் தோல் பெட்டிகளோடு லாரியில் சென்னைத் துறைமுகம் வரை போய் வருவது அவர் வேலை. அப்படியே பர்மா பஜாரில் மிக்ஸி பார்த்துவிட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனவர், அங்கே ஒரு கடையில் இருந்ததிலேயே சின்னதும் மலிவானதுமான ஒரு கீபோர்டைப் பார்த்திருக்கிறார். கடைக்காரர் ஒரு கட்டையை அழுத்தி மணிச்சத்தம் கேட்க வைத்திருக்கிறார். அவ்வளவுதான், மிக்ஸி மறந்து போய்விட்டது.

"மிக்ஸியும் இதே மாதிரிதான் சத்தம் போடும். ஆனா சட்னியாவது வரும்" என்றாள் அம்மா. அவள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து அம்மியில் அரைப்பவள். அந்தக் கோபத்தில் கொஞ்ச நாள் அம்மிப் பக்கமே போகவில்லை. இட்லிக்கு மிளகாய்ப் பொடி, தோசைக்கு மிளகாய்ப் பொடி. அப்பா வாயைத் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போவார்.

கீபோர்டை மடியில் குறுக்கே வைத்தால் இரண்டு பக்கமும் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்கும். அவ்வளவுதான் அதன் நீளம். கட்டைகள் ஒல்லியாக, குழந்தை விரலுக்குச் செய்த மாதிரி இருந்தன. மேலே தங்க நிற எழுத்தில் எஃப்எம் என்று போட்டிருந்தது. பக்கத்து வீட்டு பாய் வந்து, எல்லாப் பட்டனையும் அழுத்திப் பார்த்துவிட்டு, இதில் எந்த ஸ்டேஷன் வரும் என்று கேட்டார். ரேடியோ இல்லை என்றேன். பிறகு எதற்கு எழுதி வைத்திருக்கிறான் என்றார். எனக்கும் தெரியவில்லை. அதோடு வந்த சின்னப் புத்தகத்தை எழுத்துக் கூட்டிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒரு ஓசையை இன்னொரு ஓசை பிடித்து உலுக்குமாம். உலுக்குகிற ஓசை நம் காதுக்கு வராது. ஆனால் அது எப்படி உலுக்குகிறதோ அப்படி மாறிவிடும் நாம் கேட்கிற ஓசை.

எனக்கு அது பிடித்துப்போனது. வலது ஓரத்தில் மேலும் கீழும் தள்ளுகிற ஐந்து குமிழ்கள் இருந்தன. புல்லாங்குழல், பியானோ, வயலின் என்று கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த சத்தங்கள் எல்லாம் தகரத்தில் தேன் தடவின மாதிரிதான் இருக்கும். ஆனால் இந்தக் குமிழ்களைத் தள்ளத் தள்ள, பெயரே இல்லாத சத்தங்கள் வந்தன. உலுக்கலைக் கம்மியாக வைத்தால் குழல். ஜாஸ்தியாக்கினால் பித்தளை. அதற்கும் மேலே போனால் தட்டு முட்டுச் சாமானை மாடிப்படியில் உருட்டிவிட்ட மாதிரி ஒரு இரைச்சல். அந்த இரைச்சலுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தத் தெரிந்துகொண்டால், அங்கேதான் நல்ல சத்தங்கள் எல்லாம் ஒளிந்திருக்கும்.

அப்போது நான் பிளஸ் டூ முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். மார்க்கிங் மேஜை. தையல் எங்கே ஓட வேண்டும் என்று வெட்டிய தோலில் வெள்ளிப் பேனாவால் கோடு போட வேண்டும். என் கோடு மயிரிழை தப்பாது என்று சூப்பர்வைசரே சொல்வார். அந்த வெள்ளிப் பேனா ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்து, எனக்குப் பிடித்த சத்தம் வரும்போதெல்லாம் குமிழ்களின் பக்கத்தில் புள்ளி வைத்துக்கொண்டேன். ஏனென்றால் கீபோர்டை அணைத்தால் அது எல்லாவற்றையும் மறந்துவிடும். மறுபடி புள்ளிக்குப் புள்ளி தள்ளித்தான் சத்தத்தை மீட்க வேண்டும். இரண்டு மாதத்தில் அந்த ஓரம் முழுக்க அம்மை போட்ட மாதிரி ஆகிவிட்டது.

ஒருமுறை டேனரியில் தோலைப் புரட்டுகிற பெரிய மர டிரம்மின் சத்தத்தை அப்படியே கொண்டுவந்துவிட்டேன். அடிவயிற்றில் உருண்டு வந்து பொத்தென்று விழும் சத்தம். அதை இடது கையில் மெதுவாக வைத்துக்கொண்டு, வலது கையில் மெல்லிசாக ஒன்றை வாசித்தேன். எனக்கே உடம்பு சிலிர்த்தது. அப்பா உள்ளே வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டே கேட்டார். "இப்பத்தான் அதுங்கள வுட்டுட்டு வர்றேன். வூட்லயுமா?" அவர் விளையாட்டுக்குத்தான் சொன்னார். எனக்கு முகம் சுருங்கிப்போனது. அதற்குப் பிறகு யாராவது வாசலில் வரும் சத்தம் கேட்டால் சட்டென்று அணைத்துவிடுவேன். நான் செய்தது பாட்டா, வெறும் சத்தமா என்று எனக்கே தெரியாதபோது மற்றவர்கள் முன்னால் எப்படி வைத்துக்கொள்வது? எனக்கு வெட்கம் சுலபமாக வரும். வெட்கம் வந்தால் கோபம் வரும். கோபத்தில் ஏதாவது பேசி, அதற்கு மறுபடி வெட்கப்படுவேன். இது என் பிறவிக் குணம்.

கீபோர்டின் மேல் அம்மாவுக்கு மனம் மாறியது எங்கள் வீட்டில் நடந்த பெண்கள் ஜெபக் கூட்டத்தில்தான். கரண்டு போய்விட்டது. பேட்டரியில் ஓடும் என்று நான் வாய் தவறிச் சொல்லிவிட்டேன். அம்மா அதற்குள் மேசை விரிப்பைக் கீழே விரித்துவிட்டாள். பழைய கால்மிதி ஆர்கன் மாதிரி, கொஞ்சம் மூச்சு வாங்குகிற ஒரு சத்தம் செய்து வைத்திருந்தேன். அதைப் போட்டு இரண்டு கீர்த்தனை வாசித்தேன். வந்திருந்தவர்கள் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பேசினார்கள். அன்றிலிருந்து ஆஸ்பத்திரி வார்டு முழுக்க என் புகழ் பரவியது. இன்னார் மகள் கீபோர்டு வாசிக்கும் என்பது, இன்னார் மகள் டாக்டருக்குப் படிக்கிறது என்கிற அளவுக்குப் போய்விட்டது.

அந்தப் புகழ்தான் வரன் கொண்டுவந்தது. வேலூரில் பையன், பள்ளிக்கூட வாத்தியார். அப்பா இல்லை. அவருடைய அம்மா பல வருடமாக அவர்கள் சபையில் கொயர் என்கிற பாடகர் குழுவை நடத்துபவர். அங்கே கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தவர் ஊர் மாறிப் போய்விட்டார். எங்கள் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களில் பெண் தேடும்போது பாடுமா, வாசிக்குமா என்று கேட்பது சகஜம்தான். இந்த அம்மா அதைத்தான் முதலில் கேட்டாராம். படிப்பு, நிறம், நகை எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

அவர்கள் பெண் பார்க்க வந்த அன்று நான் தரையில் உட்கார்ந்து வாசித்தேன். அந்த அம்மா நாற்காலியில் உட்காரவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு, சிரமப்பட்டு, எனக்கு எதிரே தரையில் உட்கார்ந்தார். பாட்டு முடிந்ததும் கீபோர்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இந்தச் சத்தம் எந்தப் பட்டன்மா?" என்று கேட்டார்.

"பட்டன் இல்லீங்க. நான் பண்ணது."

எப்படி என்று கேட்டார். குமிழ்களைத் தள்ளிக் காட்டினேன். அவர் தன் கையாலும் தள்ளிப் பார்த்தார். இரைச்சல் வந்ததும் சிரித்துவிட்டு, வேறு என்ன பண்ணி வைத்திருக்கிறாய் என்றார். நான் அந்த டிரம் சத்தத்தைப் போட்டேன். ஏன் போட்டேன் என்று தெரியாது. அவர் கண்ணை மூடிக் கேட்டார். இன்னொரு தரம் வாசி என்றார். அதுவரை யாருமே என்னிடம் இன்னொரு தரம் என்று சொன்னதில்லை. மாப்பிள்ளை பக்கம் நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அன்றைக்கு எனக்குப் பிடித்துப்போனது அவருடைய அம்மாவைத்தான்.

நிச்சயம் ஆனது. கல்யாணம் கோடை விடுமுறையில் என்று பேசினார்கள். அதற்கு முன்னால் தங்கள் சபையின் அறுப்பின் பண்டிகைக்கு வந்து பிள்ளை ஒரு பாட்டு வாசிக்கட்டும், எல்லோரும் பார்க்கட்டும் என்று அந்த அம்மா சொல்லி அனுப்பினார். கீபோர்டு கொண்டுவர வேண்டாம், சபையிலேயே பெரிசு இருக்கிறது என்றும் சொன்னார். எங்களுக்கும் அது நிம்மதியாக இருந்தது. அந்த விளையாட்டுச் சாமானைத் தூக்கிக்கொண்டு சம்பந்தி வீட்டுச் சபைக்குப் போவது அம்மாவுக்குக் கௌரவக் குறைவு.

அதுவரை நான் பெரிய கீபோர்டு எதையும் தொட்டதில்லை. எங்கள் சபையில் ஒரு ஆர்மோனியம் இருந்தது. உபதேசியார் அதை யாரையும் தொட விடமாட்டார். பெரிய கட்டை என்றால் இன்னும் சுலபமாகத்தானே இருக்கும், சந்தில் சைக்கிள் ஓட்டப் பழகினவளுக்கு அகலமான ரோட்டில் என்ன கஷ்டம் என்று நினைத்தேன். சீக்கிரமே போய் ஒருமுறை வாசித்துப் பார்ப்பதாகத்தான் திட்டம். பள்ளிகொண்டா தாண்டியதும் பஸ் பஞ்சர். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆராதனை ஆரம்பித்துவிட்டது.

பீடத்தின் முன்னால் பூசணிக்காய், வாழைத்தார், கரும்பு, நெல் மூட்டை, கூண்டில் கோழி. அதற்குப் பக்கத்தில் அந்தக் கீபோர்டு. பஹ்ரைனில் வேலை பார்த்துவிட்டுத் திரும்பிய ஒருவர் தன் அம்மாவின் நினைவாகச் சபைக்குக் கொடுத்தது. ஸ்டாண்டில் அவர் அம்மாவின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியிருந்தது. இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு ஸ்பீக்கர்கள். நான் போய் உட்கார்ந்தேன். அந்த அம்மா பாடகர் குழுவின் முன்னால் நின்று, என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

முன்னிசையின் முதல் நாலு சுரம் வந்துவிட்டது. அடுத்தது மேலே தாவ வேண்டும். கட்டைவிரலை ஊன்றிக்கொண்டு சுண்டுவிரல் எட்டாவது கட்டையில் போய் விழ வேண்டும். என் சுண்டுவிரல் ஆறாவதில் விழுந்தது. அந்தத் தப்புச் சுரம் இரண்டு ஸ்பீக்கரிலும் பெரிதாக வந்தது. மறுபடி தாவினேன். மறுபடியும் ஆறு. பதறி இடது கையைப் போட்டேன். இரண்டு விரல்கள் ஒரே கட்டையில் நின்றன, இன்னொன்று இரண்டு கட்டைக்கு நடுவில். கீழே பார்த்து வாசிக்கலாம் என்றால், எனக்குப் பார்த்து வாசிக்கிற பழக்கமே இல்லை. எல்லாம் கைதான் அறியும். அந்தக் கைக்கு அங்கே ஒன்றுமே தெரியவில்லை.

எங்கள் சபைகளில் ஒரு வழக்கம். வாத்தியம் நின்றாலும் பாட்டு நிற்காது. டோலக் வாசித்தவர் இரண்டு தட்டுத் தட்டினார். அந்த அம்மா சுருதியைப் பிடித்து எடுத்துக் கொடுத்தார். முழுச் சபையும் பாட ஆரம்பித்துவிட்டது. நான் கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். எல்லாச் சரணங்களும் பாடினார்கள், ஒன்றைக்கூட விடவில்லை. எழுந்து போகலாம் என்றால் எல்லோரும் பார்ப்பார்கள். உட்கார்ந்திருந்தாலும் பார்த்தார்கள். அந்த அம்மா வழக்கத்தைவிடச் சத்தமாகப் பாடினார் என்று பிறகு மாப்பிள்ளை சொன்னார். என்னை மூடுவதற்கு அவரிடம் இருந்தது அவர் தொண்டை ஒன்றுதான்.

வாழ்க்கையில் எத்தனையோ முறை வெட்கப்பட்டிருக்கிறேன். ஆனால் மடியில் கையை வைத்துக்கொண்டு, பட்டுப் புடவையும் பூவுமாக, பூசணிக்காய்களோடு பூசணிக்காயாக அங்கே உட்கார்ந்திருந்ததை நினைத்தால் இன்றைக்கும் சமையல் செய்கிற கை நின்றுவிடுகிறது.

ஆராதனை முடிந்து வெளியே வந்தோம். வாசலில் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை, என் புடவையைத் தொட்டுப் பார்த்து நல்லா இருக்குது என்றார்கள். அப்போது அந்த அம்மா என் தோளில் கை போட்டுக்கொண்டு எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்.

"பொண்ணு நல்லா வாசிக்கும். கீபோர்டுலதான் இன்னாமோ கோளாறு. கட்டை சரியா பேசல."

கீபோர்டு கொடுத்தவர் இரண்டடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். என் அம்மா ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள். நானும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

காணிக்கையாக வந்ததையெல்லாம் ஏலம் விட்டபோது அந்த அம்மா ஒரு பெரிய பூசணிக்காயை எடுத்து எங்களுக்குக் கொடுத்து அனுப்பினார். பஸ்ஸில் அம்மா அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். ஆம்பூரில் இறங்கும்போதுதான், பிரேக்கில் உருண்டுவிடப் போகிறது, பிடி என்றாள். ஒரு வாரம் வீட்டில் பூசணிக்காய்க் கூட்டு. அப்பா இந்த முறையும் வாயைத் திறக்காமல் சாப்பிட்டார்.

மறுநாள் கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் மார்க்கிங் ஸ்கேல் மேல் கையை விரித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, வீட்டுக் கீபோர்டில் தாவுகிற அளவுக்கு விரித்து, கண்ணைத் திறந்தேன். பிறகு அந்தச் சபையின் கட்டை அகலத்தை ஞாபகத்தில் கொண்டுவந்து கணக்குப் போட்டேன். ஆறாவது கட்டைதான் வந்தது. கை தப்பு செய்யவில்லை. பழகின தூரத்தைச் சரியாகப் போயிருக்கிறது. காரணம் தெரிந்துவிட்டால் மனம் ஆறும் என்பார்கள். எனக்கு ஆறவில்லை. கோபம்தான் வந்தது. அப்பா மேல், பர்மா பஜார் மேல், குழந்தைக்குச் செய்கிற மாதிரி கட்டை செய்து பெரியவர்களுக்கு விற்கிற அந்தக் கம்பெனிக்காரன் மேல். வீட்டுக்கு வந்து கீபோர்டைக் கம்பெனியின் நீளமான ஷூ அட்டைப்பெட்டி ஒன்றில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன்.

அடுத்த ஞாயிறு தாண்டி, பாய் வீட்டு போனுக்கு மாப்பிள்ளை கூப்பிட்டார். நாங்கள் இரண்டு பேரும் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சுற்றி வளைக்கவில்லை. கீபோர்டு கொடுத்தவர் அந்த ஞாயிறு தன் மகளை உட்கார வைத்து, ஆராதனை முழுக்க வாசிக்க வைத்திருக்கிறார். ஒரு கட்டைகூடப் பேசாமல் இல்லை. முடிந்ததும் எழுந்து, என் அம்மா பேர்ல குடுத்த பொருளைக் கெட்டதுன்னு சொன்னது யாரு என்று சபையில் வைத்துக் கேட்டிருக்கிறார். கமிட்டியில் பேச்சு வந்திருக்கிறது. பொய் சொல்கிறவர் பாடகர் குழுவை நடத்துவதா என்று. அடுத்த ஞாயிறு பதில் சொல்கிறேன் என்று மாப்பிள்ளையின் அம்மா சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"அம்மா உன் சின்னதை எடுத்துக்கினு வரச் சொன்னாங்க" என்றார்.

நான் வரமாட்டேன் என்றேன். அங்கே வந்து பொம்மையை வைத்துக்கொண்டு உட்கார என்னால் முடியாது, இந்தக் கல்யாணமே வேண்டாமென்றாலும் சரி என்றேன். பாய் வீட்டுக் கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அவர் சொன்னார்.

"கல்யாணம் உன் இஷ்டம். அம்மாவுக்கு அந்தக் கொயரைத் தவிர வேற ஒண்ணும் இல்ல. அத மட்டும் யோசிச்சிக்க."

மிரட்டுகிற மாதிரி சொல்லியிருந்தால் போனை வைத்திருப்பேன். அவர் அப்படிச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். அம்மா திட்டுவாள் என்று நினைத்தேன். அவள் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அட்டைப்பெட்டியை இழுத்து, மேலே இருந்த தூசியை முந்தானையால் துடைத்தாள். அவ்வளவுதான் செய்தாள்.

ஞாயிறு காலை பஸ்ஸில் கண்டக்டர் பெட்டியைப் பார்த்துவிட்டு, இன்னா ஷூவா, சீப்பா கிடைக்குமா என்று கேட்டார். இந்த முறை சபை கூடுவதற்கு முன்பே போய்ச் சேர்ந்தோம். அந்த அம்மா ஏற்கெனவே வந்து, பெரிய கீபோர்டுக்கு முன்னால் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும், பக்கத்தில் எனக்கு ஒரு முக்காலியும் போட்டு வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், பேட்டரி புதுசா போட்டியா என்று மட்டும் கேட்டார். நான் பெட்டியைப் பிரித்து அதை எடுத்து ஸ்டூலில் வைத்தேன். பின்னால் அந்தப் பெரிய கீபோர்டு, வெள்ளைப் பெயிண்டில் அந்தப் பெயர். முன்னால் என்னுடையது. பெரிய மாட்டின் காலடியில் கன்று நிற்பது போல இருந்தது. சபை நிறையத் தொடங்கியது. முன்வரிசையில் குழந்தைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பெரியவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள், அது இன்னும் மோசமாக இருந்தது. குனிந்து புள்ளிக்குப் புள்ளி குமிழ்களைத் தள்ளினேன்.

அறிவிப்பு நேரத்தில் அந்த அம்மா மைக்கின் முன்னால் போய் நின்றார். கீபோர்டு கொடுத்தவர் மூன்றாவது வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அம்மா அவரைப் பார்த்துத்தான் பேசினார்.

"கீபோர்டுல கோளாறுன்னு நான் சொன்னது பொய். அதுல ஒரு கோளாறும் இல்ல. உங்க அம்மா பேருக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது, மன்னிச்சிடுங்க. இந்தப் பொண்ணு சின்னக் கட்டையில பழகினது, கை அங்க எட்டல. அத அப்பவே சொல்லியிருக்கலாம். எனக்குத்தான் வாய் வரல. கொயரை யாரு நடத்தறதுன்னு கமிட்டி சொல்லட்டும், நான் கேட்டுக்கறேன். இப்ப அது வாசிக்கும், நாம பாடலாம்."

அவர் அழவில்லை. குரல்கூட மாறவில்லை. எனக்கு அந்த முக்காலியோடு தரைக்குள் போய்விட வேண்டும் போலிருந்தது. பொய்யாவது என்னை மூடியிருந்தது. இப்போது என் கை எட்டாதது வேலூர் முழுக்கத் தெரியும், அதைச் சொல்வதற்காக ஒரு பெரிய மனுஷி அத்தனை பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டிருக்கிறார்.

அந்த வீட்டுக்கு மருமகளாகப் போய், அத்தை என்று கூப்பிட்டுப் பல வருடம் அவரோடு ஒரே அடுப்பில் சமைத்தேன். இரண்டாயிரத்துக்குப் பிறகு பெரிய கட்டையிலும் ஒருவழியாகக் கை பழகியது. கமிட்டி அவரிடமிருந்து கொயரை எடுக்கவில்லை. கீபோர்டு கொடுத்தவர் எங்கள் கல்யாணத்துக்குக் குடும்பத்தோடு வந்தார். ஆனால் அந்தக் காலை வேளையைப் பற்றி அத்தையும் நானும் ஒருநாளும் பேசியதில்லை. பேச்சு அந்தப் பக்கம் போனால் இரண்டு பேருமே ஏதாவது ஒரு பாத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிடுவோம்.

அன்று அவர் பேசி முடித்ததும் முன்னிசையை ஆரம்பித்தேன். முதல் இரண்டு வரிசையைத் தாண்டி யாருக்கும் கேட்கவில்லை. கீபோர்டில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஸ்பீக்கர்தான் உண்டு. சத்தமே வரலியே என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள், அதற்கு ஒரு சிரிப்பும் வந்தது. அந்த அம்மா மைக் ஸ்டாண்டைத் தள்ளிக்கொண்டு வந்து பார்த்தார். அது அவ்வளவு தாழ்வாக வளையாது. மைக்கைக் கழற்றினார். கீபோர்டுக்குப் பக்கத்தில், வெறுந்தரையில், அந்த முட்டியோடு மண்டியிட்டார். ஒரு கையை ஸ்டூல் விளிம்பில் ஊன்றிக்கொண்டு, இன்னொரு கையால் மைக்கை ஸ்பீக்கரின் மேல் பிடித்தார். சபைக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. நான் செய்த அந்தச் சத்தம், மூச்சு வாங்குகிற அந்தச் சத்தம், ஆள் உயர ஸ்பீக்கர்களில் போய் எழுந்தது. சபை ஒரு கணம் அசந்துதான் போனது. பிறகு பாட ஆரம்பித்தார்கள்.

தாவ வேண்டிய இடத்தில் என் கை சரியாகப் போய் விழுந்தது. ஒரு சுரம் தப்பவில்லை. அவரும் பாடிக்கொண்டிருந்தார், மைக்குக்குள் குரல் போய்விடக் கூடாதென்று முகத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு. மூன்றாவது சரணத்தில் வலி பொறுக்காமல் எடையை ஒரு முட்டியிலிருந்து இன்னொரு முட்டிக்கு மாற்றினார், ஆனால் மைக்கை நகர்த்தவில்லை. அவரை எழுப்பி நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும், அந்த மைக்கை நான் வாங்கிக்கொள்ள வேண்டும் என்று மனம் கிடந்து தவித்தது. என் இரண்டு கைகளும் கட்டைகளின் மேல் இருந்தன. எடுத்தால் அவர் மைக்கில் ஏந்தியிருந்த அந்தச் சத்தம் நின்றுவிடும். அவர்கள் எல்லாச் சரணங்களையும் பாடினார்கள், நான் அவர் முகத்தைப் பார்க்காமல் வாசித்துக்கொண்டே இருந்தேன்.